லிபியப் பாலைவனக் கண்ணாடியில் குமிழி இருந்தால் போலியா?

லிபியப் பாலைவனக் கண்ணாடி என்று 22 கிராம் மஞ்சள் துண்டு ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள்; உள்ளே குமிழி தெரிவதால் போலியோ என்று சந்தேகப்படுகிறீர்கள். குமிழி தெரிகிறது என்பதற்காக மட்டும் அதைப் போலி என்று ஒதுக்காதீர்கள். அசலிலும் குமிழிகள் உண்டு. எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் சுமார் 2.9 கோடி ஆண்டுகளுக்கு முன் மணல் உருகி உண்டானது இது. ஏறக்குறைய 98 சதவீதம் சிலிக்கா, அதாவது மணலின் முக்கியப் பொருள். உருகிய சிலிக்கா 1,600 டிகிரி செல்சியஸிலும் பாகைவிடக் கெட்டியாக இருக்கும். காற்று வெளியேறுவதற்குள் இறுகிவிடும். பண்டைய எகிப்திய மன்னன் துட்டன்காமுனின் மார்பணியில் உள்ள வண்டு உருவம் இந்தக் கண்ணாடியில் செதுக்கியதுதான்; கையில் வைத்திருப்பது அசலாக இருந்தால் பொக்கிஷம், அவசரப்பட்டுத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

வீட்டிலேயே அடர்த்தி பாருங்கள்:

1. நகைத் தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்குங்கள்.
2. துண்டை நூலில் கட்டி, அடியில் படாமல் முழுக்க மூழ்கவிடுங்கள். ஒட்டும் காற்றுக் குமிழிகளைத் தட்டிவிடுங்கள்.
3. துண்டின் எடையைத் தராசு காட்டும் எண்ணால் வகுங்கள்.

உங்கள் துண்டுக்குத் தராசு 10 கிராம் காட்டினால் விடை 2.2, அசலுக்குப் பொருந்தும். 8.8 காட்டினால் 2.5, அது பாட்டில் கண்ணாடி.

ஆனால் ஆய்வகக் குடுவை செய்யும் போரோசிலிகேட் கண்ணாடியும் 2.2 அருகில்தான் வரும். அதனால் லென்ஸ் வைத்து, உள்ளே வெள்ளையாகச் சிறு உருண்டைகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். அவை கிறிஸ்டோபலைட் என்ற சிலிக்காப் படிகங்கள். இருந்தால் நம்பிக்கை கூடும், எல்லா அசல் துண்டிலும் இருக்காது.