பத்து லட்சம் லிட்டர் தொட்டி கட்டிவிட்டால் எங்கள் ஊர்த் தண்ணீர்ப் பிரச்சினை தீருமா?

கேள்வி: எங்கள் பேரூராட்சி சீக்கிரமே நகராட்சி ஆகப்போகிறது. சுற்றிலும் மனைப்பிரிவுகள் பெருகிவிட்டன. குடிநீர் நாலு நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது. பத்து லட்சம் லிட்டரில் பெரிய மேல்நிலைத் தொட்டி ஒன்று கட்டினால் போதும் என்கிறார்கள். உண்மையா? இப்படி வளரும் ஊருக்கு எப்படித் திட்டமிடுவது?

பதில்: நகராட்சிப் பொறியியல் பிரிவில் பெரும்பாலும் குடிநீர்ப் பணிகளையே பார்த்தவன் நான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தொட்டி மட்டும் போதாது. தொட்டி செய்வது இரண்டே வேலை. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேரும் தண்ணீரைப் பிடித்துவைத்து, காலையிலும் மாலையிலும் ஊரே குழாயைத் திறக்கும்போது கொடுக்கும். உயரத்தில் நிற்பதால் அழுத்தம் தரும். ஊருக்கு வந்து சேரும் தண்ணீரே குறைவு என்றால், எத்தனை லட்சம் லிட்டரில் கட்டினாலும் தொட்டி அரைகுறையாகத்தான் நிரம்பும்.

ஆகவே உங்கள் ஊரில் முதலில் கேட்க வேண்டியது, தினமும் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பதைத்தான். பல ஊர்களில் இதற்கு நம்பத்தகுந்த பதில் இருக்காது. தண்ணீரைத் தொட்டிக்கு ஏற்றிவரும் உந்து குழாயில் மீட்டர் பொருத்தியிருப்பார்கள், ஓடாது. மோட்டார் ஓடிய மணிக்கணக்கைப் பம்பின் திறனால் பெருக்கிப் பதிவேட்டில் எழுதிவிடுவார்கள். பம்பு வாங்கியபோது இருந்த திறன், உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் சக்கரம் தேய்ந்த பிறகு இருக்காது என்பது அந்தப் பதிவேட்டுக்குத் தெரியாது. இதைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. தொட்டியின் வெளிவால்வை முழுக்க அடைத்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் நீர்மட்டம் எவ்வளவு ஏறுகிறது என்று அளந்தால் போதும். பத்து மீட்டர் விட்டமுள்ள வட்டத் தொட்டியில் மட்டம் அரை மீட்டர் ஏறினால் வந்தது சுமார் 39,000 லிட்டர். பதிவேடு 60,000 என்று சொன்னால், மீதி வழியில் எங்கோ போகிறது அல்லது பம்பு தேய்ந்திருக்கிறது. இந்த அளவை எடுக்காமல் எந்த மதிப்பீட்டையும் தொடங்க விடாதீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் ஊரில் 60,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். தினமும் 30 லட்சம் லிட்டர் வந்தால் தலைக்கு 50 லிட்டர். குறைவுதான், ஆனால் தினமும் ஒரு வேளை விடலாம். அப்படி இருந்தும் நாலு நாளைக்கு ஒருமுறைதான் வருகிறதென்றால், பற்றாக்குறை மட்டும் காரணமில்லை. பகிர்மானக் குழாய்கள் மண்டலம் மண்டலமாகப் பிரிக்கப்படாமல், ஒன்றோடொன்று ஒட்டுப்போட்டு வளர்ந்திருக்கும். ஒரு தெருவுக்கு விட வேண்டுமானால் நாலு தெருவை அடைக்க வேண்டியிருக்கும். எந்த வால்வை எத்தனை சுற்றுத் திறந்தால் எந்தத் தெருவின் கடைசி வீட்டுக்குத் தண்ணீர் எட்டும் என்பது வால்வு திறக்கும் ஊழியரின் மனதில் மட்டும் இருக்கும். அவர் ஓய்வு பெற்றால் அந்த அறிவும் போய்விடும். அவரைக் கூடவே அழைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்து, குழாய் வரைபடம் ஒன்றைத் தயார் செய்வதுதான் திட்டத்தின் உண்மையான முதல் நாள் வேலை.

சரி, மக்கள்தொகைக்கு வருவோம். 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், கையில் இருக்கும் முழுக் கணக்கு 2011ஆம் ஆண்டுடையது. அதை வைத்து முன்னோக்கிக் கோடு போட்டால், வேகமாக வளரும் ஊருக்குக் கணக்கு தப்பும். ஊர் எல்லைக்கு வெளியேதான் வளர்ச்சி அதிகம் நடக்கும் என்பது இன்னொரு சிக்கல். திருப்பூரையே பாருங்கள். 2001இல் நகர எல்லைக்குள் சுமார் 3.44 லட்சம் பேர், 2011இல் 4.44 லட்சம். ஆனால் பனியன் கம்பெனிகளை நம்பி வந்தவர்கள் வேலம்பாளையம், நல்லூர் என்று சுற்றிலும் குடியேறியிருந்தார்கள். அந்தப் பகுதிகள் 2011இல் மாநகராட்சியோடு சேர்ந்த பிறகுதான் ஊரின் உண்மையான அளவு ஏட்டில் ஏறியது. உங்கள் ஊரும் தரம் உயரும்போது பக்கத்து ஊராட்சிகளைச் சேர்த்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். அந்தக் கிராமங்களின் எண்ணிக்கையை இப்போதே கணக்கில் எடுங்கள். வீட்டு மின் இணைப்புகள், சொத்துவரிக் கணக்குகள், கட்டட அனுமதிகள், பள்ளிச் சேர்க்கை ஆகிய நான்கையும் ஒப்பிட்டால் ஓரளவு சரியான படம் கிடைக்கும். ரேஷன் அட்டைகளை மட்டும் நம்ப வேண்டாம். வெளியூரிலிருந்து வேலைக்கு வந்து, ஓர் அறையில் ஆறேழு பேராகத் தங்கியிருப்பவர்களுக்கு இங்கே அட்டை இருக்காது. ஆனால் அவர்களும் குளிக்க வேண்டும், சமைக்க வேண்டும். எண்ணிக்கையில் விடுபட்டவர்கள் தண்ணீரிலும் விடுபட்டுப் போவது எனக்கு எப்போதுமே பொறுக்காத விஷயம்.

தலைக்கு எவ்வளவு? குடிநீர், கழிவுநீர்ப் பணிகளுக்கு வழிகாட்டும் மத்திய அரசு அமைப்பான சி.பி.எச்.இ.இ.ஓ.வின் 1999ஆம் ஆண்டுக் கையேடு, பாதாளச் சாக்கடை இல்லாத ஊருக்கு நாளொன்றுக்கு 70 லிட்டர் என்றும், பாதாளச் சாக்கடை உள்ள அல்லது வரப்போகும் ஊருக்கு 135 லிட்டர் என்றும் சொன்னது. நகராட்சியானதும் பாதாளச் சாக்கடைத் திட்டம் பின்னாலேயே வர வாய்ப்பு உண்டு. சாக்கடைக் குழாயில் கழிவு ஓடுவதற்கே தண்ணீர் வேண்டும். ஆகவே 70ஐ வைத்துக் குடிநீர்த் திட்டம் போட்டுவிட்டுச் சில ஆண்டுகளில் சாக்கடை தோண்டினால் இரண்டுமே தடுமாறும்.

இப்போது கணக்கு. அதே கையேட்டில் மேல்நிலைத் தொட்டிக்கும் பம்பு, மோட்டாருக்கும் 15 ஆண்டு, பகிர்மானக் குழாய்களுக்கு 30 ஆண்டு என்று திட்டக்காலம் உண்டு. 15 ஆண்டில் 90,000 பேர் ஆவார்கள் என்று கொண்டால், தலைக்கு 135 லிட்டர் வீதம் 1,21,50,000 லிட்டர். வழியில் கசிவதற்கு 15 சதவீதம் சேர்த்தால் சுமார் 1.4 கோடி லிட்டர். ஒரு நாள் தேவையில் மூன்றில் ஒரு பங்கை மேலே தேக்க வேண்டும் என்பது நம் பக்கத்தில் வழக்கமாக எடுக்கும் அளவு. அப்படியானால் ஏறக்குறைய 47 லட்சம் லிட்டர். ஏற்கெனவே 15 லட்சத்துக்குத் தொட்டிகள் இருந்தால் இன்னும் 32 லட்சம் வேண்டும். பத்து லட்சம் எங்கே, இது எங்கே! ஆனால் இந்த மூன்றில் ஒரு பங்கைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றவும் கூடாது. தண்ணீர் 22, 23 மணி நேரம் வந்துகொண்டே இருந்தால் குறைவான தேக்கம் போதும். எட்டு மணி நேரம்தான் வருகிறதென்றால் இன்னும் அதிகம் வேண்டும். மணிவாரியாக வரவையும் செலவையும் ஒரே தாளில் வரைந்து பார்த்தால் எவ்வளவு வேண்டும் என்று தெரிந்துவிடும்.

கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் வால் பகுதியில் இருக்கும் ஊர் என்றால் நான் வேறு விதமாகச் சொல்வேன். ஆற்றங்கரையில் மின்சாரம் போனாலோ, நடுவில் உந்து குழாய் உடைந்தாலோ, முதலில் வறளுவது கடைசி ஊர்தான். அப்படிப்பட்ட ஊருக்கு ஒரு முழு நாள் தண்ணீரையாவது தரைமட்டச் சம்ப்பில் வைத்திருக்க வேண்டும். அழுத்தத்துக்குத் தேவையானதை மட்டும் மேலே ஏற்றலாம். தூண்கள் மேல் நிற்கும் ஒவ்வொரு லட்சம் லிட்டருக்கும் ஆகும் செலவு தரையில் தேக்கினால் ஆகாது. ஆனால் சம்ப்பு யார் கண்ணிலும் படாது, மேல்நிலைத் தொட்டி தூரத்திலிருந்தே தெரியும். அதனால்தான் எல்லாரும் தொட்டியையே கேட்கிறார்கள்.

அடுத்தது உயரம். நான் மிக அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். எவ்வளவு பெரிய தொட்டி என்பதைவிட, எந்த மட்டத்தில், எந்த இடத்தில் என்பதுதான் ஒரு ஊரின் தண்ணீரைத் தீர்மானிக்கிறது. ஒரு மாடி வீட்டுக்குத் தண்ணீர் ஏற, தெருக்குழாயில் 12 மீட்டர் அழுத்தம், அதாவது தண்ணீரை 12 மீட்டர் உயரத்துக்கு ஏற்றும் அழுத்தம், இருக்க வேண்டும் என்றது அந்தக் கையேடு. தொட்டி நிற்கும் இடத்தின் மட்டம் 100 மீட்டர், புது மனைப்பிரிவு இருக்கும் மேடு 108 மீட்டர் என்று வையுங்கள். வழியில் உராய்வுக்கு 5 மீட்டர் போகும். 108, 12, 5 மூன்றையும் கூட்டினால் 125. அதாவது தண்ணீர் நிற்கும் தொட்டியின் அடித்தட்டே தரையிலிருந்து 25 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். அப்படிக் கட்டினால் 92 மீட்டர் மட்டத்தில் இருக்கும் பழைய தெருக்களில் அழுத்தம் 30 மீட்டரைத் தாண்டும், பழைய பிவிசி குழாய்கள் ஒவ்வொன்றாகப் பிளக்கக்கூடும். மேட்டுக்கு ஒன்று, பள்ளத்துக்கு ஒன்று என்று தனித்தனி மண்டலம், தனித்தனித் தொட்டி. இதுதான் வழி. 32 லட்சத்தை ஒரே தொட்டியாகக் கட்டாமல் பிரித்துக் கட்ட வேண்டியதன் காரணம் இதுவே.

இன்னொரு காரணம் பராமரிப்பு. கொல்கத்தாவின் டாலா தொட்டி 1911இல் பயன்பாட்டுக்கு வந்தது. 90 லட்சம் கேலன் கொள்ளளவு. உள்ளே நான்கு அறைகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஓர் அறையை மூடிக் கழுவும்போதும் பழுது பார்க்கும்போதும் மற்றவை ஓடும். நூறு ஆண்டுக்கு முன்பே யோசித்த இதை, நாம் இன்று ஒரே அறையாகக் கட்டிவிட்டு, கழுவுகிற அன்று ஊருக்கே தண்ணீர் இல்லை என்று அறிவிக்கிறோம். அதனால் என்ன ஆகிறது? கழுவுவதே தள்ளிப்போகிறது. தொட்டித் தூணில் ‘சுத்தம் செய்த தேதி, அடுத்து சுத்தம் செய்ய வேண்டிய தேதி’ என்று பெயிண்டில் எழுதியிருப்பார்களே, அதைப் போய்ப் பாருங்கள். தேதி பழையதாக இருந்தால் காரணம் சோம்பல் என்று உடனே நினைக்க வேண்டாம். நிறுத்திக் கழுவ வழியில்லாமல் கட்டியிருப்பார்கள்.

நாலு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும் ஊரில் உண்மையான தேக்கம் நகராட்சியிடம் இல்லை, வீடுகளில் இருக்கிறது. வசதியுள்ளவர் பத்தாயிரம் லிட்டர் சம்ப்பு தோண்டி, தெருக்குழாயிலேயே மோட்டார் வைத்து உறிஞ்சிக்கொள்கிறார். அடுத்த வீட்டில் பத்துக் குடமும் இரண்டு பிளாஸ்டிக் டிரம்மும்தான். மோட்டார் ஓடினால் அந்த வீட்டுக் குழாயில் காற்றுதான் வரும். குழாய் காலியாகக் கிடக்கும் நேரத்தில் பக்கத்துச் சாக்கடை நீரும் கசிவு வழியே உள்ளே இழுக்கப்படும். மூடாத டிரம்களில் டெங்குக் கொசு வளரும். ஊர்ப் பொதுத் தேக்கம் போதுமானதாகி, தினமும் தண்ணீர் வரத் தொடங்கினால் இதெல்லாம் தானாகக் குறையும். ஒடிசாவின் புரி நகரம் 2021இல் நாள் முழுக்கக் குழாயிலேயே குடிக்கத்தக்க தண்ணீர் தரும் நிலையை எட்டியது. யாத்திரிகர் கூட்டம் நிறைந்த ஊரில் அது முடிந்திருக்கிறது. நம் ஊர்களில் முடியாது என்று நான் நம்பவில்லை.

நிலத்தை இப்போதே பிடித்து வையுங்கள். பத்து லட்சம் லிட்டர் தொட்டி, சம்ப்பு, பம்பு அறை, லாரி திரும்ப இடம் எல்லாம் சேர்த்து 25 சென்டாவது வேண்டும். பழைய தொட்டி ஆயுள் முடிந்து இடிக்கும் நாளில், புதியதைக் கட்டி முடித்த பிறகே பழையதைத் தொட முடியும் என்பதால் பக்கத்தில் காலி இடமும் வேண்டும். மேடான இடங்கள்தான் மனைகளாக முதலில் விற்றுப்போகும். மனைப்பிரிவில் பொதுத் திறந்தவெளிக்கென்று ஓ.எஸ்.ஆர். நிலம் விடுகிறார்களே, அதில் கட்டலாமே என்பார்கள். அது பூங்காவுக்கும் விளையாட்டிடத்துக்கும் ஒதுக்கியது, அதில் கைவைத்தால் வழக்கு வரும், வரவும் வேண்டும். ஏரி, குளம் போன்ற நீர்நிலைப் புறம்போக்கில் தொட்டி கட்டவும் சம்மதிக்காதீர்கள்.

கடைசியாக, யாரும் கேட்காத ஒன்று: பணிமனை. நகராட்சி என்றால் குழாய், பிட்டிங்ஸ், தெருவிளக்குப் பொருள்கள், ஜேசிபி, சாக்கடை அடைப்பு எடுக்கும் வண்டி, தண்ணீர் லாரி எல்லாவற்றுக்கும் ஓர் இடம் வேண்டும். வாங்கி வைத்த பிவிசி குழாய்கள் வெயிலில் கிடந்து நொறுங்கிப்போவதைப் பார்த்தால் வயிறு எரியும். கூரை போட்ட கிடங்கு, அகலமான வாசல், ஜெனரேட்டர், மழைக்காலத்தில் முழுகாத தரை ஆகியவை அவசியம். ராத்திரி குழாய் உடைப்பைச் சரிசெய்யப் போகும் பிட்டருக்கு, உடைந்த இடத்தை இணைக்கும் காலர் கையருகே இருந்தால் சில மணி நேரத்தில் தண்ணீர் திரும்பும், இல்லையென்றால் கடை திறக்கும்வரை ஊர் காத்திருக்க வேண்டும். தூய்மைப் பணியாளர்களுக்குக் குளியலறை, உடை மாற்றும் அறை, பெண்களுக்குத் தனிக் கழிப்பறை ஆகியவற்றை முதல் வரைபடத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். பிறகு சேர்க்கலாம் என்றால் சேர்க்கவே மாட்டார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: குப்பை வண்டிகளும் கழிவுநீர் வண்டிகளும் நிற்கும் வளாகத்தில் குடிநீர்ச் சம்ப்பு வேண்டாம்.

பணம் அரசுத் திட்டங்களில் மானியமாகவும், நகர்ப்புற நிதி நிறுவனங்களில் கடனாகவும் வரும். ஆனால் மாதாமாதம் மின்கட்டணத்தை ஊர்தான் கட்ட வேண்டும். ஆகவே பம்பின் திறனைத் தேர்வு செய்யும்போதே பத்தாண்டு மின்செலவையும் சேர்த்துக் கேளுங்கள்.

உங்கள் வார்டின் பகுதி சபை கூடும்போது, தொட்டி வேண்டும் என்று மட்டும் மனு கொடுக்காதீர்கள். தினசரி நீர்வரத்து அளவு, தெருக்களின் தரைமட்ட அளவுகள், குழாய் வரைபடம் ஆகிய மூன்றையும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கச் சொல்லிக் கேளுங்கள். மட்ட அளவுகள் கிடைத்தால் இங்கேயே போடுங்கள். எந்தப் பகுதிக்கு எவ்வளவு உயரத்தில் தொட்டி வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.