நூல் வராத வகுப்பறை

கேள்வி: பயிற்சி நூல்களும் கருவிகளும் தாமதமாக வந்தால் ஆசிரியர் பாடம் நடத்துவது உண்மையிலேயே பாதிக்கப்படுமா?
– ஆசிரியை ஒருவர், கோத்தகிரி

பதில்: நிச்சயமாகப் பாதிக்கப்படும். தொடக்க வகுப்புகளில் அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் கற்பிக்க 2022இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் எனக் கற்றல் நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கச் சொல்வதால், அந்தந்த நிலைக்குரிய பயிற்சி நூல் இல்லாதபோது, ஒரே அறையில் பல வகுப்புகளை நடத்தும் மலைக்கிராம ஆசிரியர் ஒரு குழுவுக்குக் கற்பிக்கையில் மற்றக் குழுக்களுக்குத் தனியே வேலை கொடுக்க முடியாமல், கரும்பலகையில் எழுதிப்போடுவதிலேயே நேரத்தை இழக்கிறார். கருவி வராவிட்டால் ஓரளவு சமாளிக்கலாம்: ஒன்று, பத்து என்னும் இடமதிப்பைக் கற்பிக்கக் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டினால் போதும். ஆனால், குழந்தை தானே வாசித்து எழுத வேண்டிய நூலுக்கு அப்படியொரு மாற்று எளிதில் கிடைக்காது. தென்மேற்குப் பருவமழையில் மண் சரிந்து சாலை அடைபடும் முன்பே நூல்களை அனுப்பும்படி, பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானமாக வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுதுங்கள்.