ஜப்பானின் வடக்கே ஹொக்கைடோ தீவிலுள்ள ஹகோடாடே நகரில் சுற்றிப்பார்க்க ஒரே நாள்தான் இருக்கிறது. எதை விடக்கூடாது?

முதலில் ஒரு எச்சரிக்கை: ஷின்கான்சென் அதிவேக ரயில் நிற்கும் ஷின்-ஹகோடாடே-ஹொகுதோ நிலையம் நகருக்குள் இல்லை. அங்கிருந்து ஹகோடாடே லைனர் ரயிலில் ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும்.

விடக்கூடாதது 334 மீட்டர் உயர ஹகோடாடே மலையின் இரவுக் காட்சி. இருபுறமும் கடல் நெருக்க, நடுவில் இடுப்புபோல் ஒடுங்கிய நிலத்தில் விளக்குகள் எரியும். ஜூஜிகாய் டிராம் நிறுத்தத்தில் இறங்கி, பத்து நிமிடம் மேடேறி நடந்தால் ரோப்வே. மேலே போக மூன்றே நிமிடம். பெரும்பாலானோர் இருட்டிய பிறகு வந்து, பிறர் முதுகைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். சூரியன் மறைய அரைமணி முன்பே கம்பியோரம் இடம்பிடியுங்கள். மறைந்து இருபது நிமிடத்தில் வானம் கருநீலமாகும்போதுதான் காட்சி உச்சம். பலத்த காற்றில் ரோப்வே நின்றுவிடும், கோடையில் மூடுபனி மறைக்கும். குளிரில் மலைச்சாலையும் மூடப்படுவதால் பேருந்தை நம்ப முடியாது.

பகலில் கோர்யோகாகு. நட்சத்திர வடிவக் கோட்டை தரையிலிருந்து வெறும் அகழியாகத்தான் தெரியும்; பக்கத்திலுள்ள 107 மீட்டர் கோபுரத்தில் ஏறினால்தான் வடிவம் புரியும். செர்ரி பூப்பது பொதுவாக ஏப்ரல் கடைசியில்.

காலைச் சந்தைக்குச் சீக்கிரம் போங்கள். மதியத்துக்குப் பின் கடைகள் மூடத் தொடங்கும். சைவர்கள் கவனிக்க: இங்கு பிரபலமான உப்பு ராமென் (நூடுல்ஸ் சூப்) தெளிந்த சாறாக இருந்தாலும் எலும்பு வேகவைத்த சாறுதான்.