பழைய பைக்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: பழைய பைக் ஒன்றைப் பார்க்கப் போகிறேன். பெயின்ட் பளபளப்பாக இருக்கிறது, கிலோமீட்டரும் குறைவுதான். வேறு என்ன பார்க்க வேண்டும்?

பதில்: பளபளப்பை விடுங்கள். போனதும் முதலில் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள், அதனால் ஆறும்வரை காத்திருந்து, குளிர்ந்த இன்ஜின் எப்படிக் கிளம்புகிறது என்று உங்கள் காதாலேயே கேளுங்கள். சைலன்சரில் நீலப் புகை வந்துகொண்டே இருந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். அந்தச் செலவு பெரிது, நானாக இருந்தால் வாங்க மாட்டேன்.

அப்புறம் முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தச் சொல்லி, ஹேண்டில்பாரை மெதுவாக இரண்டு பக்கமும் திருப்புங்கள். நடுவில் 'டக்'கென்று ஓரிடத்தில் சிக்கினால், ஹேண்டில்பார் திரும்ப உதவும் கழுத்து பேரிங் தேய்ந்திருக்கிறது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாயில் விரலை ஓட்டிப் பாருங்கள், எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினால் கசிவைத் தடுக்கும் சீல் போயிருக்கிறது. கிலோமீட்டரை மாற்றிவிடலாம், ஆனால் தேய்ந்து கூர்மையான ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் சக்கரம்) பல்லையும் வழவழப்பான ஃபுட்ரெஸ்ட் ரப்பரையும் மறைப்பது கஷ்டம். டயரின் வயதையும் பாருங்கள், அதன் ஓரத்தில் 2319 என்றிருந்தால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது.

சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் ஆவணத்தோடு ஒத்துப்போகவில்லையா, எண்ணைச் சுரண்டிய தடம் தெரிகிறதா? பேரமே வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.