சால்வை இருக்கட்டும், முடிச்சைக் கவனியுங்கள்

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் 180 வீடுகள். தினமும் குப்பை எடுக்க வரும் தூய்மைப் பணியாளர்கள் நான்கு பேரையும் மே தினத்தன்று மாலை மேடையேற்றி, சால்வை போர்த்திப் பாராட்ட 6,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். விழா சிறப்பாக அமைய யோசனை சொல்லுங்கள்.
- சங்கச் செயலாளர், தாம்பரம்

பதில்: நல்ல மனசு. அதை நாளைக் காலையிலேயே காட்டத் தொடங்கலாம். பேட்டரி வண்டி விசில் கேட்டதும், உங்கள் வீடுகளிலிருந்து குப்பை எப்படி வெளியே வருகிறது என்று வாசலில் நின்று பாருங்கள். எத்தனை வீட்டில் கேரி பேக்கை இறுக்கி முடிச்சுப் போட்டுக் கொடுக்கிறார்கள்?

அந்த முடிச்சுதான் பெரிய வில்லங்கம். தடித்த ரப்பர் கையுறை போட்ட விரலுக்கு அது அகப்படாது. அதனால் கையுறையைக் கழற்ற வேண்டியிருக்கிறது. வெறுங்கை உள்ளே போகும்போது மீன் செதிலுக்கும் காபித் தூளுக்கும் நடுவே உடைந்த டம்ளர் இருக்கும், சவர பிளேடு இருக்கும். "கையுறை கொடுத்தாலும் போடுவதில்லை" என்று அவர்களைக் குறை சொல்பவர்கள், அது ஏன் கழற்றப்படுகிறது என்று யோசிக்க வேண்டும். இன்னொன்று, காற்றே புகாமல் கட்டிய பையில் ஈரக் குப்பை ஒரே இரவில் அழுகி நீர் விடும். தூக்கும்போது அது மணிக்கட்டு வழியாகச் சட்டைக்குள் இறங்கும்.

ஆகவே மக்கும் குப்பையைப் பையே இல்லாமல், மூடி போட்ட வாளியில் வையுங்கள். அடியில் செய்தித்தாள் இரண்டு தாள் விரித்தால் ஒட்டாது, அதுவும் சேர்ந்து மக்கிவிடும். வண்டித் தொட்டியில் நீங்களே கவிழ்த்துவிட்டு வாளியைக் கழுவிக்கொள்ளலாம். பிரித்துக் கொடுப்பது வீட்டுக்காரர் கடமை என்று 2016ஆம் ஆண்டிலேயே திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லிவிட்டன. ஒரு வீட்டுக் குப்பையைப் பிரிக்க அரை நிமிஷம் என்றாலும், 180 வீட்டுக்கு ஒன்றரை மணி நேரம். நாம் செய்யாத வேலையை அவர்கள் தினமும் அவ்வளவு நேரம் வெயிலில் நின்று செய்கிறார்கள்.

மக்காத குப்பை காய்ந்து இருக்க வேண்டும். பால் கவரின் மூலையைத் துண்டாக வெட்டி எறியாதீர்கள். ஓரத்தில் கீறி, துண்டு கவரோடு ஒட்டியிருக்கும்படி விடுங்கள். அந்தச் சின்னத் துண்டை யாரும் பொறுக்க முடியாது. கவரை அலசிக் காயவைத்தால் பழைய பேப்பர் கடையில் விலை போகும். குருமா ஒட்டிய பிளாஸ்டிக் டப்பாவை எந்தக் கடைக்காரரும் வாங்க மாட்டார். பல ஊர்களில் பணியாளர்களுக்குக் கூடுதலாக நாலு காசு கிடைப்பது இந்த விற்பனையில்தான்.

உடைந்த கண்ணாடியை நான்கைந்து மடிப்புச் செய்தித்தாளில் சுற்றி, அட்டைப் பெட்டியில் போட்டு டேப் ஒட்டி, மேலே 'கண்ணாடி' என்று எழுதிக் கையில் கொடுங்கள். டியூப் லைட்டை உடைக்கவே கூடாது, உள்ளே பாதரசம். இன்சுலின் ஊசி போடுபவர்கள் வீட்டில் கட்டாயம் செய்ய வேண்டியது ஒன்று: கெட்டியான பழைய பினாயில் பாட்டிலில் ஊசியை நேராகப் போட்டு, முக்கால் பங்கு நிறைந்ததும் மூடி டேப் சுற்றித் தனியாகக் கொடுப்பது. குத்திய ஊசி மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்களைக் கடத்தும். நாப்கினும் டயாப்பரும் செய்தித்தாளில் சுற்றி, சிவப்பு மையால் குறியிட்டுத் தனியே போக வேண்டும். டயாப்பரில் உள்ள மலத்தை முதலில் கழிவறையில் தட்டிவிடுங்கள். தன் வீட்டுக் குழந்தையுடையதைத் தொடத் தயங்குபவர், அதை அடுத்தவர் கைக்கு அனுப்புவது எந்த விதத்தில் நியாயம்?

செப்டிக் டேங்க் நிரம்பினால் அதே ஆட்களிடம் "கொஞ்சம் இறங்கிப் பாருப்பா" என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது, ஆள் சுருண்டு விழுவார், காப்பாற்ற இறங்குபவரும் விழுவார். பாதுகாப்புச் சாதனம் எதுவும் தராமல் ஆளை இறக்கினால் கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை. 14420 என்ற உதவி எண்ணுக்குப் போன் செய்து, கழிவை உறிஞ்சி எடுக்கும் லாரியை வரவழையுங்கள்.

இனி விழா. விடியற்காலையில் வேலைக்கு வந்தவர்களை மாலை ஆறு மணி வரை சிறப்பு விருந்தினருக்காகக் காக்க வைக்காதீர்கள். வேலை முடியும் நேரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஒதுக்கிய பணத்தை ஆளுக்கு 1,500 ரூபாயாக உறையில் போட்டுக் கொடுங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேளுங்கள். மூன்று தவணை, முதல் ஊசிக்குப் பின் ஒரு மாதத்திலும் ஆறாவது மாதத்திலும். போடாதவர்களுக்குச் சங்கம் ஏற்பாடு செய்யட்டும். சங்க அலுவலகக் கழிவறையை அவர்கள் பயன்படுத்தலாம் என்று காவலாளியிடம் சொல்லிவையுங்கள், குறிப்பாகப் பெண் பணியாளர்களுக்காக.

அழைப்பிதழ் அச்சுக்குப் போகுமுன் நான்கு பேருடைய பெயரையும் அவர்களிடமே கேட்டு, இனிஷியலோடு, தலைவர் பெயருக்கு மேலே போடுங்கள்.