அவர்கள் மறந்தாலும் – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

பாறசாலையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் சபை வாலிபர் கூட்டத்தில் ஜெபிக்கும்போது கடவுளை 'தாயே' என்று அழைத்தேன். கமிட்டிக்காரர் ஒருவர் துர்உபதேசம் என்று கண்டித்தார். ஏசாயா 49:15-ஐக் காட்டினேன். மாறாத அன்பு தாயன்பு ஒன்றுதானே, அதனால்தானே கர்த்தர் அதைச் சொன்னார்? அப்படியென்றால் மரியாளையும் வணங்கலாமா என்று மடக்குகிறார். அன்னையர் தினத்தன்று நான்தான் செய்தி கொடுக்கவேண்டும்.

*

அன்புள்ள தம்பி,

கூப்பிடலாம். 'ஒருவனை அவன் தாய் தேற்றுவதுபோல் நான் உங்களைத் தேற்றுவேன்' என்று ஏசாயா 66-இலேயே இருக்கிறது. கோழி தன் குஞ்சுகளைச் சிறகின்கீழ் கூட்டிச் சேர்ப்பதை இயேசு சொன்னது மத்தேயு 23. இரண்டையும் கமிட்டிக்காரருக்கு வாசிக்கக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். மரியாள் வேறு வழக்கு. அதை இதில் இழுக்கவேண்டாம்.

எனக்குக் கோபம் வந்தது உங்கள் 'மாறாத அன்பு' என்ற வரியில். நீங்கள் காட்டிய வசனத்தை நீங்களே முழுசாகப் படித்தீர்களா? 'தன் பாலகனை மறப்பாளோ?' என்று கேட்டவர் அத்தோடு நிறுத்தவில்லை. 'அவர்கள் மறந்தாலும், நான் உன்னை மறப்பதில்லை' என்கிறார். 'ஆண்டவர் என்னை மறந்தார்' என்று சீயோன், அதாவது எருசலேம், அழுததற்கு வந்த பதில் இது. கி.மு. 586 வாக்கில் பாபிலோனியர் எருசலேமை முற்றுகையிட்டு அழித்தபோது உள்ளே நடந்ததைப் புலம்பல் 4:10 சொல்கிறது: 'இரக்கமுள்ள ஸ்திரீகளின் கைகள் தங்கள் பிள்ளைகளைச் சமைத்தன.' கொடூரமான ஸ்திரீகள் என்று எழுதவில்லை, கவனியுங்கள். இரக்கமுள்ளவர்கள்தான். பசி அங்கே கொண்டுபோய் விட்டது. அந்தப் பட்டினியின் நினைவோடு வாழ்ந்த ஜனத்திடம் போய்த் தாய் மறக்கவே மாட்டாள் என்றால் யார் காதுகொடுப்பார்கள்?

தாயைக் குறைத்துப் பேசுகிறேன் என்று சண்டைக்கு வராதீர்கள். எங்கம்மை படந்தாலுமூட்டுப் பக்கம் அண்டியாபீஸில், அதாவது முந்திரிக்கொட்டை ஆலையில், கொட்டைத்தோடு உடைத்தவள். சாம்பல் பூசிக்கொண்டு உட்கார்ந்தாலும் அந்தக் கொட்டையின் எண்ணெய் விடாது. உள்ளங்கை கறுத்துத் தோல் உரிந்து கிடக்கும். திருவிருந்தில் அப்பத்துக்குக் கை நீட்டும்போது வெட்கப்பட்டு விரலை மடக்குவாள். 'இதோ, என் உள்ளங்கைகளில் உன்னை வரைந்திருக்கிறேன்' என்ற அடுத்த வசனத்தை யார் வாசித்தாலும் எனக்கு அந்தக் கைதான் நினைவில் வரும்.

ஆனால் அதே அண்டியாபீஸில் அம்மைக்குப் பக்கத்தில் இருந்து வேலை செய்தவள், சின்னப் பிள்ளையைக் கிழவியிடம் விட்டுவிட்டு ஒருநாள் போய்விட்டாள். கடனும் புருஷனின் குடியும் எங்கள் தெருவுக்கே தெரியும். அவளை ஏச எனக்கு மனசில்லை. திரும்பி வரவேயில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பிள்ளை வளர்ந்து எங்கள் சபையிலேயே இருந்தாள். ஒரு அன்னையர் தின ஆராதனையில் வந்த பிரசங்கியார் 'மறப்பாளோ? மறக்கவே மாட்டாள்!' என்று மேசையைத் தட்டினார். அம்மாமாருக்கெல்லாம் ரோஜாப்பூ. இவள் எழுந்து வெளியே போனாள். பிறகு என்னிடம் சொன்னாள்: "அண்ணே, அவரு பாதி வசனமில்லா வாசிச்சாரு. மிச்சம் உள்ளதில்லா எனக்குள்ளது."

வேதாகமக் கல்லூரியில் படித்தவர் விட்டதை அவள் பிடித்துவிட்டாள்.

உங்கள் சபையிலும் அப்படி ஒருத்தி இருப்பாள், தம்பி. பெற்ற பிள்ளையை மறந்த தாயும் இருப்பாள். மே மாதம் நீங்கள் எழுந்து நிற்கும்போது வசனத்தைக் கடைசிவரை வாசியுங்கள். ரோஜாப்பூ கொடுப்பதானால் வந்த எல்லாருக்கும் கொடுங்கள். இல்லையென்றால் கமிட்டிக்கு அந்தச் செலவாவது மிச்சம்.