ஜே.ஆர்.எஃப். முதல் காட்டு அனுமதி வரை: மலை மாணவர்களின் கேள்விகள்

முதுகலையும் பிஹெச்.டி.யும் படிக்கும் நீலகிரி, கொடைக்கானல் பிள்ளைகள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொண்டேன். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். பெயர் வேண்டாம் என்று நிறைய பேர் சொன்னதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன். எல்லாவற்றையும் வரிசையாகப் படித்தபோது மனதை உறுத்தியது ஒன்றுதான். பணமோ, விடுப்போ, பயிற்சியோ, பலருக்குத் தேவையானது ஏற்கெனவே இருக்கிறது. கேட்கலாம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. தெரியவரும்போது கடைசித் தேதி போய்விடுகிறது.

நெட் எழுதினால் நேராக பிஹெச்.டி. சேரலாம் என்கிறார்கள். ஜே.ஆர்.எஃப். கிடைக்காவிட்டால் அந்த மார்க்கால் என்ன பயன் மேடம்? (எம்.ஏ. தமிழ், கூடலூர்)

பயன் இருக்கிறது. நெட் என்பது தேசியத் தகுதித் தேர்வு, ஜே.ஆர்.எஃப். அதன் வழியாகக் கிடைக்கும் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை. 2024 ஜூன் தேர்விலிருந்து நெட் முடிவு மூன்று வகையாக வருகிறது. முதல் வகைக்கு ஜே.ஆர்.எஃப்., உதவிப் பேராசிரியர் தகுதி, பிஹெச்.டி. சேர்க்கை மூன்றும் உண்டு. இரண்டாவது வகைக்கு ஜே.ஆர்.எஃப். இல்லை, மற்ற இரண்டும் உண்டு. மூன்றாவது வகைக்கு பிஹெச்.டி. சேர்க்கை மட்டும். இரண்டாவது, மூன்றாவது வகையில் வந்தவர்களுக்கு நெட் மார்க்குக்கு 70 சதவீதமும் நேர்காணலுக்கு 30 சதவீதமும் போட்டுச் சேர்ப்பார்கள். சேர்க்கைக்கு அந்த மார்க் ஒரு வருடம்தான் செல்லும். அதனால் ரிசல்ட் வந்த பிறகு எங்கே சேரலாம் என்று யோசிக்காதீர்கள். தேர்வு எழுதும்போதே எந்தப் பல்கலைக்கழகம், எந்த கைடு (ஆய்வு நெறியாளர்), அவரிடம் இடம் காலியா என்று விசாரித்து வையுங்கள். உதவிப் பேராசிரியர் என்றால் நான்கு பேர், இணைப் பேராசிரியர் ஆறு, பேராசிரியர் எட்டு பேர் வரைதான் ஒரே நேரத்தில் எடுக்க முடியும். 'சார் நல்லவர், எடுத்துக்குவார்' என்று நம்பி உட்கார்ந்திருந்து, கடைசியில் சாரிடம் இடமே இல்லை என்று தெரிந்து ஒரு வருடத்தை விட்ட பிள்ளைகள் உண்டு.

ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு எஸ்.ஆர்.எஃப். என்ற முதுநிலை உதவித்தொகைக்கு உயர்ந்தால் 42,000. வீட்டு வாடகைப் படி தனி. வயது வரம்பு 30. பெண்களுக்கும், எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. பிரிவினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், மூன்றாம் பாலினத்தவருக்கும் ஐந்து வருடத் தளர்வு. உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பே கிடையாது. எம்.ஏ. கடைசி வருடம் படிக்கும்போதே எழுதலாம், அதனால் காத்திருக்க வேண்டாம்.

இதில் நம் பிள்ளைகள் மறுபடி மறுபடி தடுக்கி விழும் இடம் ஓ.பி.சி. சான்றிதழ். நம் மாநில அரசு கொடுக்கும் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் நெட்டுக்கு ஆகாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயர் (வசதி படைத்த பிரிவு) இல்லை என்று குறிப்பிட்ட ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விண்ணப்பம் திறந்த பிறகு தாலுகா அலுவலகத்துக்கு ஓடினால் நேரம் போதாது. இப்போதே மனு கொடுங்கள்.

படிப்பு விஷயத்தில் ஒன்று. இலக்கியம் படித்தவர்கள் இரண்டாம் தாளை நன்றாகவே எழுதுகிறார்கள், முதல் தாளில் விட்டுவிடுகிறார்கள். 50 கேள்வி, 100 மார்க். அட்டவணையைப் பார்த்துக் கணக்குப் போடுவது, தர்க்கம், ஆராய்ச்சி முறை எல்லாம் அதில்தான் வரும். தினம் அரை மணி நேரம் அதற்கென்று ஒதுக்குங்கள். தவறான விடைக்கு மார்க் குறைக்க மாட்டார்கள், எதையும் காலியாக விடாதீர்கள். தேர்வு மையம் கோவையில் விழுந்தால் முந்தின நாள் மதியமே இறங்கிவிடுங்கள். டிசம்பர் மழையில் பர்லியாறு பக்கம் மண் சரிந்தால் காலை பஸ்ஸை நம்பிப் பயனில்லை.

ஜே.ஆர்.எஃப். வராவிட்டாலும் தமிழ்நாடு அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை இருக்கிறது, மாதம் 25,000 ரூபாய். முழுநேர ஆராய்ச்சி மாணவர்களுக்கானது, தேர்வை டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) நடத்துகிறது. அறிவிப்பைத் தவறவிடாதீர்கள்.

எங்கள் கல்லூரியில் லேப் வசதி குறைவு. இன்டர்ன்ஷிப்புக்கு பெங்களூர், சென்னை என்று போக வீட்டில் பணம் இல்லை. எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். என்ன செய்யலாம்? (கோத்தகிரி)

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு ஆதங்கமாக இருந்தது. கோத்தகிரியிலிருந்து ஊட்டிக்கு பஸ் ஏறினால், உலகமே அறிந்த இரண்டு இயற்பியல் ஆய்வுக்கூடங்கள் அங்கே இருக்கின்றன.

முத்தோரையில் இருப்பது ரேடியோ தொலைநோக்கி. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1970 முதல் வேலை செய்கிறது. அதை ஏன் மலைச்சரிவில் கட்டினார்கள் தெரியுமா? அந்தச் சரிவின் சாய்வு ஊட்டியின் அட்சரேகை அளவுக்கே, கிட்டத்தட்ட 11 டிகிரி. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாக நிற்கிறது. ஒரே அச்சில் திருப்பிக்கொண்டே ஒரு வான்பொருளைப் பல மணி நேரம் பின்தொடரலாம். இரண்டாவது, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் (விண்வெளியிலிருந்து வரும் கதிர்) ஆய்வுக்கூடம். அங்குள்ள கிரேப்ஸ்-3 கருவிகள் 2014 டிசம்பர் 1 அன்று ஊட்டிக்கு மேலே வந்த ஓர் இடிமேகத்தின் மின்னழுத்தத்தை அந்தக் கதிர்களால் உண்டாகும் மியூவான் என்ற நுண்துகள்களை வைத்துக் கணக்கிட உதவின. சுமார் 130 கோடி வோல்ட். நம் ஊர் இடி அது. கொடைக்கானல் பக்கத்துப் பிள்ளைகளுக்கு 1899-இல் தொடங்கிய சூரிய ஆய்வகம் இருக்கிறது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை எவர்ஷெட் என்ற வானியலாளர் 1909-இல் கண்டுபிடித்தது அங்கேதான். நூறு வருடத்துக்கும் மேலாக எடுத்த சூரியப் படங்களைக் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். லேப் இல்லை என்று சொல்லும் மாணவர் ஒரு லேப்டாப்பை வைத்துக்கொண்டே அந்தப் படங்களில் நல்ல புராஜெக்ட் செய்யலாம்.

எப்படிக் கேட்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் செய்ய ஆவலாக உள்ளேன்' என்று இருபது பேருக்கு ஒரே மெயிலை அனுப்பினால் யாரும் பதில் போட மாட்டார்கள். ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அவருடைய சமீபத்திய கட்டுரை ஒன்றைப் படியுங்கள். முழுதாகப் புரிய வேண்டாம், அறிமுகப் பகுதியும் படங்களும் புரிந்தால் போதும். பிறகு பத்து வரிக்குள் எழுதுங்கள்: நான் யார், எந்தக் கல்லூரி, உங்கள் கட்டுரையில் இந்தப் படம் எனக்குப் புரிந்தது, இந்த இடம் புரியவில்லை, எனக்கு பைத்தான் நிரல்மொழி இவ்வளவு தெரியும், மே மாதம் ஆறு வாரம் வர முடியும், தினமும் வீட்டிலிருந்தே வந்து போவேன். இந்தக் கடைசி வரியைக் கட்டாயம் எழுதுங்கள். தங்க இடம் தர வேண்டியதில்லை என்பது அவர்களுக்குப் பெரிய விஷயம். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து மரியாதையாக இன்னொரு முறை நினைவூட்டலாம். தப்பே இல்லை.

இதோடு, மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடை ஆராய்ச்சி ஃபெலோஷிப்புக்கும் போடுங்கள். இரண்டு மாதம், உதவித்தொகை உண்டு. விண்ணப்பம் பெரும்பாலும் முந்தைய ஆண்டின் இறுதியிலேயே முடிந்துவிடும். கொடைக்கானலில் இந்திய வானியற்பியல் நிறுவனம் கோடைப் பள்ளி நடத்துவதுண்டு, அந்த அறிவிப்பையும் பார்த்துக்கொண்டிருங்கள்.

என் கைடு அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார். எனக்கு இது மூன்றாம் ஆண்டு. என் பிஹெச்.டி. என்னவாகும்? (ஊட்டி)

ஒன்றும் ஆகாது, ஆனால் சும்மா இருக்கக் கூடாது. 2022 யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி ஓய்வுக்குப் பிறகு அவர் முதன்மை நெறியாளராகத் தொடர முடியாது. இணை நெறியாளராக 70 வயது வரை இருக்கலாம். எனவே உங்களுக்கு இன்னொரு நெறியாளர் வேண்டும். ஒவ்வொரு செமஸ்டரும் ஆராய்ச்சி ஆலோசனைக் குழு முன்னால் நீங்கள் அறிக்கை வைக்க வேண்டும் அல்லவா? அடுத்த கூட்டத்திலேயே இதைச் சொல்லி, கூட்டக் குறிப்பில் எழுத வையுங்கள். வாய்ப்பேச்சாகச் சொல்லிவிட்டு வந்தால் யாருக்கும் நினைவிருக்காது. புதிய நெறியாளர் யார் என்று உங்கள் கைடையே கேளுங்கள். அவருக்கும் உங்கள் வேலை நல்ல கையில் போய்ச் சேர வேண்டும் என்ற அக்கறை இருக்கும்.

பத்தாயிரம் ரூபாய் கட்டினால் ஒரு வாரத்தில் கட்டுரை வெளியிடுகிறோம் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. கட்டலாமா? (குன்னூர்)

கட்டாதீர்கள். ஒரு வாரத்தில் எந்த நல்ல இதழும் கட்டுரையைப் படித்து, திருத்தம் சொல்லி, வெளியிட முடியாது. முன்பு தரமான இதழ்களுக்கென்று யு.ஜி.சி. கேர் பட்டியல் இருந்தது. அதை 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டார்கள். 'யு.ஜி.சி. அங்கீகாரம் பெற்ற இதழ்' என்று இன்றைக்கு ஒருவர் விளம்பரம் செய்தால் அதுவே சந்தேகத்துக்குக் காரணம். ஆசிரியர் குழுவில் இருக்கும் இரண்டு பேரின் பெயரை எடுத்து, அவர்கள் வேலை செய்யும் பல்கலைக்கழகப் பக்கத்தில் இந்த இதழைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கட்டுரைகள் இரண்டைத் திறந்து படியுங்கள், தரம் அங்கேயே தெரிந்துவிடும். அப்புறம், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கக் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 யு.ஜி.சி. விதிகளில் எடுத்துவிட்டார்கள். உங்கள் பல்கலைக்கழகம் தனியாக விதி வைத்திருக்கலாம், அதை எழுத்தில் வாங்கிப் பாருங்கள். பயத்தில்தான் பலர் பணம் கட்டுகிறார்கள்.

குழந்தை பிறந்து ஏழு மாதம். பிஹெச்.டி. நான்காம் ஆண்டு. விட்டுவிடச் சொல்கிறார்கள். (கொடைக்கானல்)

விடாதீர்கள் அம்மா. பேறுகாலத்துக்கும் குழந்தை வளர்ப்புக்குமாக 240 நாள் வரை விடுப்பு எடுக்க விதி இருக்கிறது. பிஹெச்.டி.க்குப் பொதுவாக ஆறு வருடம், மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு, பெண்களுக்கு அதற்கும் மேல் இரண்டு. மொத்தம் பத்து வருடம் வரை போகலாம். கணவர் ஊருக்கு மாறிப் போக வேண்டியிருந்தால் உங்கள் ஆராய்ச்சித் தரவை அங்குள்ள பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொள்ளவும் விதி உண்டு. விடுப்பு மனுவில் '2022 யு.ஜி.சி. பிஹெச்.டி. விதிமுறைகளின்படி' என்று எழுதி, ஒரு நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தூக்கமே வருவதில்லை, யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். குழந்தை பெற்ற தாய்க்கு இது வரக்கூடியதுதான், மருத்துவ உதவியால் சரியாகக் கூடியதும்தான். இன்றைக்கே மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள். இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது மருத்துவரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். ஆய்வேடு இரண்டு மாதம் காத்திருக்கலாம்.

கட்டுரைகள் எல்லாம் பணம் கட்டினால்தான் திறக்கின்றன. (மஞ்சூர்)

அரசுக் கல்லூரி மாணவர்தானே நீங்கள்? 2025 ஜனவரியிலிருந்து 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் சுமார் 13,000 மின்னிதழ்கள் அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு உண்டு. உங்கள் நூலகரிடம் லாகின் கேளுங்கள். கல்லூரி இன்னும் பதிவு செய்யவில்லை என்றால் முதல்வருக்கு மனு கொடுங்கள், நான்கைந்து மாணவர்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டு.

நான் காட்டுநாயக்கர். எங்கள் ஊரில் எம்.எஸ்சி. முடித்தது நான் மட்டும்தான். நெட் இல்லை. பிஹெச்.டி.க்கு உதவி கிடைக்குமா? (கூடலூர் பக்கம்)

கிடைக்கும். மத்தியப் பழங்குடியினர் நல அமைச்சகத்தின் தேசிய ஃபெலோஷிப்பில் ஆண்டுக்கு 750 இடம். நெட் தேவையில்லை, முதுகலை மார்க்கை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். முழுநேர பிஹெச்.டி.யாக இருக்க வேண்டும். எஸ்.டி. சான்றிதழ் தாசில்தார் கொடுப்பதல்ல, கோட்டாட்சியர் கொடுப்பது. உங்களுக்குக் கூடலூர் ஆர்.டி.ஓ. அலுவலகம். சான்றிதழில் உள்ள பெயரும் எழுத்தும் ஆதாரிலும் மார்க் ஷீட்டிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இனிஷியல் முன்னே பின்னே இருந்தாலும் சிக்கல்தான். எம்.பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்துக்கும் ஒருமுறை போய் வாருங்கள். உங்கள் மக்களைப் பற்றி மற்றவர்கள் எழுதியதைப் படியுங்கள். அதில் எது சரி, எது தப்பு என்று உங்களால்தான் சொல்ல முடியும். விண்ணப்பம் நிரப்பும்போது எனக்கு எழுதுங்கள், கூட இருந்து பார்க்கிறேன்.

முதுமலையில் பறவைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வேண்டும். ரேஞ்சரிடம் கேட்டால் போதுமா? (மசினகுடி)

போதாது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, புலிகள் காப்பகத்துக்குள் ஆராய்ச்சிக்காக நுழைய மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும், அவர் அலுவலகம் சென்னையில். முதுமலைக்கான கள இயக்குநர் அலுவலகம் ஊட்டியில் இருக்கிறது. முதலில் அங்கே போய், எந்த மாதிரி ஆய்வுக்கு என்ன கேட்பார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். கைடின் கடிதம், சினாப்சிஸ் (ஆய்வுச் சுருக்கம்), எந்தெந்த இடம், எந்தெந்த மாதம், எதையாவது பிடிப்பீர்களா அல்லது பார்ப்பது மட்டுமா என்பதெல்லாம் தெளிவாக இருக்க வேண்டும். பார்த்துக் கணக்கெடுப்பது மட்டும் என்றால் அதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். அனுமதிக்கு மாதக்கணக்கில் ஆகலாம், அதனால் சேர்ந்த முதல் செமஸ்டரிலேயே மனு போடுங்கள். காத்திருக்கும் நேரத்தில் காப்பகத்துக்கு வெளியே, மசினகுடியைச் சுற்றியுள்ள பட்டா நிலங்களில் உரிமையாளரிடம் கேட்டு முன்னோட்டமாகக் கணக்கெடுத்துப் பாருங்கள். யானை நடமாடும் இடம், தனியாகப் போகாதீர்கள். ஊர்க்காரர் ஒருவரை நாள்கூலி பேசி அழைத்துக்கொண்டு போங்கள், ஆய்வேட்டின் நன்றியுரையில் அவர் பெயரையும் போடுங்கள்.